ஷூட்டிங் கார்டுக்கு என்ன விலை?

2023 மார்ச் 2 அன்று யங்ஸ்டவுன் ஸ்டேட்டிடம் டெட்ராய்ட் மெர்சி அணி தோற்றபோது, அதன் கார்டு ஆன்ட்வான் டேவிஸின் கல்லூரிக் கணக்கு 3,664 புள்ளிகளில் நின்றது. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்ச எண் 3,667. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட் மராவிச் 1970இல் வைத்துவிட்டுப் போனது. டேவிஸ் இன்னும் ஒரு மூன்று புள்ளி வீச்சைப் போட்டிருந்தால் இருவரும் சமம். ஏதாவது சிறிய தொடரிலாவது இன்னோர் ஆட்டம் கிடைக்குமா என்று எதிர்பார்த்தார்கள். 14 வெற்றியும் 19 தோல்வியுமாகப் பருவத்தை முடித்த அணியை யாரும் அழைக்கவில்லை.

இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அவ்வளவுதான். மராவிச் தன்னுடையதை 83 ஆட்டங்களில் எட்டினார். டேவிஸுக்கு 144 ஆட்டங்கள் ஆயின. முதலாண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆடக் கூடாது என்ற விதி அன்று இருந்ததால் மராவிச்சுக்கு மூன்று பருவங்கள்தான். கொரோனாவை முன்னிட்டு எல்லா மாணவர்களுக்கும் ஓராண்டு கூடுதலாகத் தரப்பட்டதால் டேவிஸுக்கு ஐந்து. மராவிச் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது, 1986-87 பருவத்தில்தான் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் ஆண்கள் ஆட்டம் முழுமைக்கும் அது வந்தது. டேவிஸ் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து 588 முறை போட்டிருக்கிறார். அதுவும் ஒரு சாதனை எண். 1,764 புள்ளிகள் அப்படி வந்தவை, மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி. பழைய விதிப்படி எண்ணினால் அவர் கணக்கு 3,076க்கு இறங்கிவிடும். ஒற்றுமையும் இல்லாமல் இல்லை. இருவருக்கும் பெற்ற தந்தையே பயிற்சியாளர். மார்ச் மாதத் தேசியத் தொடரில் இருவரும் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. (பெண்கள் ஆட்டத்தில் ஐயோவாவின் கெய்ட்லின் கிளார்க் 2024இல் இந்த எண்ணைத் தாண்டி 3,951இல் முடித்தார். பாயிண்ட் கார்டான அவருடைய கதை தனியாக எழுத வேண்டியது.)

ஆக, இந்த இருவரில் யார் மேல்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு அமெரிக்க ரசிகர்கள் அறுபது ஆண்டுகளாக வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி வந்தார்கள். சொல்வதற்குச் செலவு எதுவும் இல்லை. 2021 ஜூலை முதல் நிலைமை வேறு. தன் பெயரையும் படத்தையும் வைத்துக் கல்லூரி ஆட்டக்காரர் பணம் பெறலாம் என்று என்சிஏஏ அப்போது இறங்கிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், ஓராண்டு உட்கார்ந்திருக்காமலே ஒருமுறை பல்கலைக்கழகம் மாறலாம் என்றும், 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றும் விதிகள் தளர்ந்தன. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த, ஆட்டக்காரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களே தம் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதலாண்டு வரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். ரசிகர்களின் திண்ணைப் பேச்சாக இருந்த ஒப்பீட்டின் பேரில் இன்று காசோலை கிழிக்கிறார்கள்.

அதில் ஷூட்டிங் கார்டை எடைபோடுவதுதான் எல்லாவற்றிலும் கடினம் என்பது என் எண்ணம். நடுவில் நிற்கும் உயரமானவரின் ரீபவுண்டையும் தடுப்பையும் எண்ணிவிடலாம். பாயிண்ட் கார்டின் அசிஸ்டையும் பந்து இழப்பையும் எண்ணலாம். இரண்டாம் எண்ணுக்காரர், அதாவது ஷூட்டிங் கார்டு, பெரும்பாலான நேரம் பந்து இல்லாமல் ஓடுபவர். திரை போடும் தோழரின் தோளை உரசிக்கொண்டு வெளியே வருவார், பந்து வந்து சேரும், ஒரு விநாடிக்குள் கையைவிட்டுப் போய்விடும். அந்த ஒரு விநாடி மட்டுமே ஏட்டில் ஏறுகிறது. அதற்கு முந்தைய பதினைந்து விநாடிக்கு எழுத்தே கிடையாது.

ஏட்டில் ஏறுவதிலிருந்தே தொடங்குவோம். ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்ற சராசரி ஏன் ஏமாற்றும் என்பதை ஒரு பயிற்சியாளர் கணினி வருவதற்கு முன்பே கண்டுகொண்டார். டீன் ஸ்மித் 1950களில் விமானப்படை அகாதமியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தபோதே, ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பதை விட்டு, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு என்று கணக்கு வைத்தார். பந்து கிடைத்ததிலிருந்து அதை விடும்வரை ஒரு பொசஷன். இரண்டு அணிகளுக்கும் ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் அது கிடைக்கும். எனவே வேகமாக ஆடும் அணிக்கு எல்லா எண்களும் தாமே உப்பிவிடும், மெதுவாக ஆடும் அணிக்குச் சுருங்கிவிடும்.

இந்தச் சுருக்கத்துக்கு அதிகம் ஆட்பட்ட ஷூட்டிங் கார்டு ஸ்மித்திடமே ஆடினார். வட கரோலினாவில் மைக்கேல் ஜோர்டனின் மூன்று பருவச் சராசரி 17.7. கடைசிப் பருவத்தில் 19.6. சில மாதங்கள் கழித்துத் தொழில்முறைத் தொடரான என்பிஏவில், தன்னைவிடத் தேர்ந்தவர்களுக்கு எதிராக, முதல் பருவத்திலேயே 28.2. ஜோர்டனை இருபதுக்குள் அடக்கிய ஒரே ஆள் டீன் ஸ்மித் என்ற நகைச்சுவை அப்படிப் பிறந்ததுதான். அது நியாயமில்லாத நகைச்சுவை. வீச்சுக் கடிகாரம் கல்லூரி ஆட்டத்துக்கு நாடு முழுவதும் 1985-86இல்தான் வந்தது. முன்னணியில் இருக்கும் அணி பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தலாம், ஸ்மித் அதில் கைதேர்ந்தவர். ஜோர்டனின் கல்லூரி எண்களை மராவிச்சின் 44.2க்குப் பக்கத்தில் வைத்து யாராவது படித்தால், கூடைப்பந்தின் மிகச் சிறந்த ஷூட்டிங் கார்டு ஒரு சுமாரான ஆட்டக்காரர் என்று முடிவுகட்டிவிடுவார்.

அண்மைக் காலத்திலும் இதே பிழை நடக்கிறது. 2019இல் வர்ஜீனியா தேசியப் பட்டம் வென்றபோது கைல் கைதான் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். அரையிறுதியில் 0.6 விநாடி மிச்சமிருக்கையில் மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டு ஆபர்னை 63-62 என்று வீழ்த்தியவர் அவர். பருவச் சராசரி வெறும் 15.4. ஆனால் வர்ஜீனியா நாட்டிலேயே மிக மெதுவாக ஆடும் அணிகளில் ஒன்று, ஆட்டத்துக்குச் சுமார் 60 பொசஷன்தான். 72 பொசஷன் ஆடும் அணியில் அதே வேலையைச் செய்திருந்தால் 18.5 என்று எழுதியிருப்பார்கள். கையில் பணத்தோடு ஆள் தேடும் ஒருவர் 15.4க்கும் 18.5க்கும் தரும் விலை ஒன்றாக இருக்காது.

வேகத்தைச் சரிசெய்த பிறகு வீணாக்கத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் எத்தனை வாய்ப்பைச் செலவழித்து அந்தப் புள்ளிகளை எடுத்தார்? இதற்குப் புள்ளியியலார் வைத்திருக்கும் அளவுகோல் ட்ரூ ஷூட்டிங். மூன்று புள்ளி வீச்சின் கூடுதல் மதிப்பையும் ஃப்ரீ த்ரோவையும் ஒரே விகிதத்தில் கலந்துவிடும் கணக்கு அது: மொத்தப் புள்ளிகளை, வீச்சு முயற்சிகளோடு ஃப்ரீ த்ரோ முயற்சிகளில் 0.44 பங்கைக் கூட்டி, அதன் இருமடங்கால் வகுப்பது. கல்லூரியில் 0.475 என்று வைப்பவர்களும் உண்டு. இந்த வேறுபாடு நம் ஒப்பீட்டைப் பெரிதாகப் பாதிக்காது.

மராவிச் 83 ஆட்டங்களில் 3,166 முறை எறிந்து 1,387 போட்டார். ஃப்ரீ த்ரோ 1,152இல் 893. ஆட்டத்துக்கு 38 முறை எறிந்திருக்கிறார் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இன்றைக்குச் சில அணிகள் முதல் பாதி முழுதும் சேர்ந்து அவ்வளவு எறிவதில்லை. ட்ரூ ஷூட்டிங் விகிதம் 49.9. டேவிட்சன் கல்லூரியின் ஸ்டீஃபன் கரி 2007-08இல் 36 ஆட்டங்களில் 931 புள்ளி. 656 வீச்சில் 317, அதில் கோட்டுக்கு வெளியிலிருந்து 369இல் 162, ஃப்ரீ த்ரோ 151இல் 135. விகிதம் 64.4. ஓக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் 2015-16இல் 37 ஆட்டங்களில் 925 புள்ளி. 607இல் 304, வெளியிலிருந்து 322இல் 147, ஃப்ரீ த்ரோ 193இல் 170. விகிதம் 66.8.

சராசரி ஆட்டக்காரர் ஒருவர் அதே வாய்ப்புகளில் எவ்வளவு எடுத்திருப்பார் என்று கழித்துப் பார்த்தால் மதிப்பு இன்னும் தெளிவாகும். அண்மைக் காலக் கல்லூரிச் சராசரியைத் தோராயமாக 54 என்று கொள்கிறேன். அப்படியானால் கரி அந்தப் பருவத்தில் சுமார் 150 புள்ளிகளை ‘உண்டாக்கினார்’, ஆட்டத்துக்கு நான்குக்குச் சற்று மேல். ஹீல்ட் சுமார் 178, ஆட்டத்துக்கு ஐந்தை ஒட்டி. 25 என்று பேசப்பட்ட எண் ஐந்தாகக் கரைந்துவிடுகிறது. மீதி இருபது, யார் எறிந்திருந்தாலும் ஏதோ ஒரு வழியில் வந்திருக்கக் கூடியவை. ரசிகர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் இரண்டு புள்ளியிலும் மூன்று புள்ளியிலும் முடிகிற ஆட்டங்களில் ஐந்து என்பது சின்ன விஷயமில்லை.

மராவிச்சை இந்த அளவுகோலால் அடிப்பது சரியல்ல. அவர் காலத்துச் சராசரியே தாழ்வு. அவருடைய 43.8 விழுக்காட்டுக் கூடை, அன்றைய தேசியச் சராசரியை ஒட்டித்தான் இருந்தது. அப்படியென்றால் அவர் சராசரிக்காரரா? அவர் வருவதற்கு முந்தைய பருவத்தில் லூசியானா ஸ்டேட் 3 வென்று 23 தோற்றிருந்தது. அவரோடு 14-12, 13-13, 22-10. அணியின் எறிதலில் பெரும்பங்கைத் தானே சுமந்து, எதிரணி மொத்தமும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, சராசரித் திறனைத் தக்கவைப்பது சராசரியான வேலை இல்லை. சுமை கூடக் கூடத் திறன் குறையும் என்பதை டீன் ஆலிவர் 2004இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். ஐந்தாறு முறை மட்டும், அதுவும் ஆளில்லாத மூலையிலிருந்து எறிபவருக்கு 65 விழுக்காடு எளிது. ஆகவே விகிதத்தைச் சுமையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மராவிச்சின் வீச்சுகளில் எத்தனை இன்றைய கோட்டுக்கு வெளியே விழும் என்று லூசியானாவின் பிற்காலப் பயிற்சியாளர் டேல் பிரவுன் கணக்குப் பார்த்து, சராசரி 57 ஆகியிருக்கும் என்றார் என்பது பலரும் திரும்பச் சொல்லும் செய்தி. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கோடு இருந்திருந்தால் எதிரணியும் அதற்கேற்பத்தான் நின்றிருக்கும்.

சுமையை ஒருவரிடமே கூட்டிப் பார்க்கும் சோதனை இயல்பாகவே ஒருமுறை நடந்தது. 2007-08இல் டேவிட்சனின் பாயிண்ட் கார்டு ஜேசன் ரிச்சர்ட்ஸ். ஆட்டத்துக்கு 8.1 அசிஸ்ட், நாட்டில் முதலிடம். கரி ஓட வேண்டியது, ரிச்சர்ட்ஸ் பந்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது. அடுத்த பருவம் ரிச்சர்ட்ஸ் படிப்பு முடிந்து போய்விட, பயிற்சியாளர் பாப் மக்கிலப் கரியையே பாயிண்ட் கார்டாக்கினார். சராசரி 25.9லிருந்து 28.6க்கு ஏறியது, அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். அசிஸ்ட் 2.9லிருந்து 5.6. பார்த்தவர்கள் எல்லோரும் முன்னேற்றம் என்றார்கள். மூன்று புள்ளி விகிதமோ 43.9லிருந்து 38.7க்கு இறங்கியது. ட்ரூ ஷூட்டிங் 61.1. சராசரிக்கு மேல் உண்டாக்கிய புள்ளிகள் 150லிருந்து சுமார் 113. டேவிட்சன் தேசியத் தொடருக்கே தேர்வாகவில்லை. ஆள் அதே ஆள், கை அதே கை. 43.9இல் ஒரு பங்கு ரிச்சர்ட்ஸுடையது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் அது எந்தப் பட்டியலிலும் கரியின் பெயரில்தான் இருக்கிறது.

இங்கே நானே என்னைத் தடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 369 எறிதலும் 336 எறிதலும் ஒருவரின் திறனைத் தீர்மானிக்கப் போதுமா? போதாது. நாணயம் சுண்டுவதற்குரிய அதே கணக்கைப் போட்டால், இந்த 5.2 விழுக்காட்டு வேறுபாடு அதன் தரப்பிழையைப் போல ஒன்றரை மடங்குகூட இல்லை. வெறும் அதிர்ஷ்டத்தாலும் வரக்கூடிய அளவுதான். ஹீல்ட் கதை வேறு. முந்தைய பருவத்தில் 259இல் 93, அடுத்த பருவத்தில் 322இல் 147. 35.9லிருந்து 45.7. இது தரப்பிழையைப் போல இரண்டரை மடங்கை நெருங்குகிறது. அவர் உண்மையிலேயே முன்னேறினார் என்று நம்ப இடமிருக்கிறது. இருந்தும், ஒரு பருவத்தில் 200 முறை எறிந்து 37 விழுக்காடு வைத்திருக்கும் சாதாரண ஷூட்டிங் கார்டை எடுத்துக்கொண்டால், அவருடைய மெய்யான திறன் 30க்கும் 44க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 30 என்றால் அவரை எறிய விடவே கூடாது. 44 என்றால் அவரைச் சுற்றி அணியைக் கட்டலாம். சந்தையில் விலை பேசும்போது முதலில் சொல்லப்படும் எண் இதுதான் என்பது வேடிக்கை.

அனுபவமுள்ள தேர்வாளர்கள் அதனால் ஃப்ரீ த்ரோ விகிதத்தைப் பார்க்கிறார்கள். அங்கே தடுப்பவர் இல்லை, பந்து தருபவர் இல்லை, தூரம் மாறாது. என்பிஏவில் ஒருவர் தூரத்திலிருந்து எப்படி எறிவார் என்பதைக் கல்லூரி மூன்று புள்ளி விகிதம் சொல்லும் அளவுக்கு, சில வேளை அதைவிட நன்றாகவும், ஃப்ரீ த்ரோ சொல்லிவிடுகிறது. எத்தனை முறை எறிந்தார் என்பதும் அப்படியே. துணிந்து எறிபவர்தான் பெரும்பாலும் எறியத் தெரிந்தவர். கரி 89, ஹீல்ட் 88.

எண்களால் எட்ட முடியாத இடத்துக்கு இப்போது வரலாம். 2008 நவம்பர் 25 அன்று டேவிட்சனுக்கு எதிராக மேரிலாந்து லயோலாவின் பயிற்சியாளர் ஜிம்மி பட்சோஸ் ஒரு முடிவெடுத்தார்: கரியோடு ஆட்டம் முழுதும் இரண்டு பேர், பந்து எங்கே இருந்தாலும் சரி. முதல் சில முறை பார்த்ததும் கரிக்குப் புரிந்துவிட்டது. ஒரு மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு காவலர்களும் அங்கேயே நின்றார்கள். மறுபக்கம் டேவிட்சனின் நான்கு பேருக்கு எதிராக லயோலாவின் மூன்று பேர். நான்குக்கு மூன்று என்றால் யாராவது ஒருவர் எப்போதும் தனியாக இருப்பார். கரி ஆட்டம் முழுதும் மூன்றே முறை எறிந்தார், ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. டேவிட்சன் 78-48 என்று வென்றது. தன் பிள்ளைகள் கரியைப் பூஜ்யத்தில் அடக்கினார்கள் என்று பட்சோஸ் சொல்லிக்கொள்ளலாம், அது உண்மையும்கூட. முப்பது புள்ளித் தோல்வியையும் கூடவே சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் படித்த எந்த அளவுகோலிலும் அன்றைய கரியின் மதிப்பு சுழியம் அல்லது அதற்கும் கீழே. அந்த முப்பது புள்ளி வித்தியாசத்தில் அவர் மூலையில் நின்றதற்கு எவ்வளவு பங்கு? அணித் தோழர்களின் சேர்ப்பு விகிதங்களில் அது கலந்து கிடக்கிறது, பிரித்தெடுக்க வழியில்லை. மற்ற நாட்களில் எதிரணிகள் இவ்வளவு அசட்டுத்தனமாக நடந்துகொள்வதில்லை. ஆனால் திரையிலிருந்து ஒரு நல்ல எறிகாரர் வெளிவரும் ஒவ்வொரு முறையும் இரண்டு காவலர்கள் அரை விநாடி அவர் பக்கம் சாய்கிறார்கள். லயோலா ஆட்டம் முழுதும் நடந்தது எல்லா ஆட்டங்களிலும் அரை அரை விநாடியாக நடக்கிறது.

இதைப் பிடிக்கத்தானே கூட்டல் கழித்தல் கணக்கு, அதாவது அவர் களத்தில் இருக்கும்போது அணி எப்படி, இல்லாதபோது எப்படி என்று பார்ப்பது, இருக்கிறது என்று கேட்கலாம். என்பிஏவில் 82 ஆட்டங்கள் நடப்பதால் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. கல்லூரியில் முப்பத்தைந்து ஆட்டம்தான். நல்ல ஆட்டக்காரர் நாற்பதில் முப்பத்தைந்து நிமிடம் களத்தில் இருப்பார். அவர் இல்லாத ஐந்து நிமிடமும் பெரும்பாலும் ஆட்டம் ஏற்கெனவே முடிந்துபோன நேரம். ஒப்பிட மறுபக்கமே கிடைப்பதில்லை.

தடுப்பாட்டத்தில் இருட்டு இன்னும் அடர்த்தி. தேசிய வானிலைத் துறையில் பணியாற்றியவரும், கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளியியலில் இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுபவருமான கென் பொமராய் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒன்றைக் கவனித்தார். எதிரணியின் மூன்று புள்ளி விகிதத்தைத் தடுப்பணியால் கட்டுப்படுத்த முடிவது மிகக் குறைவு. பருவத்தின் முதல் பாதியில் எதிரிகளை 28 விழுக்காட்டில் அடக்கிய அணி, இரண்டாம் பாதியிலும் அப்படிச் செய்யும் என்று சொல்ல முடிவதில்லை. கட்டுப்படுத்த முடிவது, எதிரி எத்தனை முறை எறிகிறார் என்பதை. கைக்கு எதிரே கை நீட்டுவதில் இருப்பதைவிட, எறியவே விடாமல் செய்வதில் காவலரின் திறன் கூடுதலாக இருக்கிறது.

2025 ஏப்ரல் 7 இறுதி ஆட்டத்தின் கடைசி விநாடிகள் இதற்கென்றே நடத்திக் காட்டியவை போலிருக்கும். ஃப்ளோரிடா 65, ஹூஸ்டன் 63. பந்து ஹூஸ்டனிடம். அதன் ஷூட்டிங் கார்டு இமானுவேல் ஷார்ப் கோட்டுக்கு வெளியே பந்தை வாங்கி எறிய எழும்பினார். ஃப்ளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஓடிவந்து எதிரே பாய்ந்தார். காற்றில் இருந்தபடியே ஷார்ப் எறிய முடியாது என்று கண்டுகொண்டார். பந்தோடு தரையில் இறங்கினால் விதிமீறல். அதனால் பந்தைக் கீழே விட்டார். துள்ளிய பந்தை அவரே மறுபடி தொடவும் முடியாது. அது தரையில் குதித்துக்கொண்டிருக்க, ஃப்ளோரிடாவின் அலெக்ஸ் கான்டன் அதன்மேல் விழுந்தார். பட்டம் ஃப்ளோரிடாவுக்கு. கிளேட்டன் பந்தைத் தொடவில்லை, ஆகவே அது தடுப்புக் கணக்கில் வராது. எறிதலே நிகழாததால் எதிரியின் விகிதமும் இறங்கவில்லை. அன்று அவர் எடுத்தது 11 புள்ளி, அதுவும் முதல் பாதியில் ஒன்றுகூட இல்லை. அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக 34 எடுத்திருந்தார். ஏட்டை மட்டும் பார்ப்பவர் அரையிறுதியைத்தான் அவருடைய பெரிய ஆட்டம் என்பார்.

எதிரிகளின் தரம் என்ற சிக்கலை இரண்டு மாற்றங்கள் காட்டுகின்றன. 2023 கோடையில் வடக்குக் கொலராடோவிலிருந்து டால்டன் நெக்ட் டென்னஸிக்குப் போனார். பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆடும் குழுக்களை மாநாடு என்பார்கள். சிறிய மாநாடான பிக் ஸ்கையில் 20.2 எடுத்தவர், பெரிய மாநாடான எஸ்இசியில் 21.7 எடுத்து அந்த மாநாட்டின் சிறந்த ஆட்டக்காரரானார். பர்டியூவிடம் 72-66 என்று தோற்ற ஆட்டத்தில் டென்னஸியின் 66இல் 37 அவருடையது. அதே கோடையில் ஓரல் ராபர்ட்ஸிலிருந்து டெக்சஸுக்கு மாறிய கார்டு மேக்ஸ் ஏப்மஸ், 22ஐ ஒட்டிய சராசரியிலிருந்து 17க்குக் கீழே வந்தார். அது தோல்வி இல்லை. அங்கே பந்தைப் பகிர்ந்துகொள்ள வேறு நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். உயரமும் ஒரு காரணமாக இருக்கலாம்: நெக்ட் 6 அடி 6 அங்குலம், ஏப்மஸ் 6 அடி. சிறிய மாநாட்டில் ஆறடிக்காரருக்கு எதிரே நிற்பவர் இன்னோர் ஆறடிக்காரர். பெரிய மாநாட்டில் கை நீண்டவர்கள் நிற்கிறார்கள். ஆனால் டென்னஸிக்கு அப்போது தடுப்பு இருந்தது, எறிபவர் இல்லை. நெக்டின் 21.7இல் அந்தக் காலியிடத்துக்கும் பங்கு உண்டு.

ஹீல்டா கரியா என்று கேட்டால் என்ன சொல்வது? திறன் கணக்கில் ஹீல்ட் மேலே. ஆடியதும் பெரிய மாநாடான பிக் 12இல். கான்சஸின் சொந்த அரங்கில், மூன்று கூடுதல் நேரம் போன ஆட்டத்தில் 54 நிமிடம் ஆடி 46 புள்ளி எடுத்தார், 109-106 என்று தோற்றார். கரி ஆடிய தெற்கு மாநாட்டில் டேவிட்சன் 20-0, அதில் எதிரிகளின் தரத்துக்கும் பங்கு உண்டு. வட கரோலினா, டியூக், யுசிஎல்ஏ என்று பெரியவர்களிடம் முதலில் தோற்றுத்தான் வந்தார்கள். ஆனால் மார்ச்சில் கரி கன்சாகாவிடம் 40, ஜார்ஜ்டவுனிடம் 30, விஸ்கான்சினிடம் 33, பிறகு பட்டத்தை வெல்லப்போகும் கான்சஸிடம் 25 எடுத்தார். கான்சஸ் ஆட்டத்தின் கடைசிப் பந்தில் எதிரிகள் சூழ்ந்ததால் ரிச்சர்ட்ஸுக்குத் தள்ளிவிட்டார், தூரத்திலிருந்து எறிந்த பந்து விலகிப்போனது, 59-57. ஹீல்டின் கடைசி ஆட்டம் வில்லனோவாவிடம் 95-51. அன்று மாறி மாறி வந்த காவலர்களுக்கு நடுவே அவருக்கு 9 புள்ளி. தன்மீது இரண்டு பேர் பாய்ந்தபோது கரியின் அணி தாங்கியது, ஹீல்டின் அணி சிதறியது. அந்த வேறுபாட்டை ஹீல்டின் குறையாக எழுதுவதா, ஓக்லஹோமாவின் குறையாக எழுதுவதா என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. என் ஓட்டு 2008 கரிக்கு. பக்கத்தில் இருந்தவர்கள் சாதாரணமானவர்கள், அவர்களோடு அங்கே போனார் என்பதால்.

இன்றைய விதிகள் அன்று இருந்திருந்தால் அந்த ஓட்டுக்கே வேலை இருந்திருக்காது. தந்தை டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக்கே உதவித்தொகை தராததால் டேவிட்சனுக்கு வந்த பையன், முதலாண்டில் 21.5 சராசரியும் 122 மூன்று புள்ளி வீச்சுகளுமாக முடித்தபோது, 2007 ஏப்ரலில் ஐந்தாறு பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு அழைத்திருக்கும். அவர் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், போயிருந்தால் யாரும் குறை சொல்லவும் முடியாது. அவருக்குப் பந்து கொடுக்கத் தெரிந்த ரிச்சர்ட்ஸ் டேவிட்சனில் இருந்திருப்பார். வாங்கிய பல்கலைக்கழகம் 43.9 போன்ற விழுக்காட்டை எதிர்பார்த்துப் பணம் கட்டியிருக்கும், 38.7 போன்ற ஒன்றைப் பார்த்து ஏமாற்றுவேலை என்று முணுமுணுத்திருக்கும்.